ஐந்தரை ஆண்டுக் கணக்கு

தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் திருமுழுக்குப் பெற்று, திருவிதாங்கூரில் ஆங்கிலிக்கன் குருவானவர் யுஸ்துஸ் யோசேப்பு என்னும் வித்வான் குட்டி. 1870களின் எழுப்புதலில் எழுந்த அவரது இயக்கம், கிறிஸ்து 1881இல் மீண்டும் வருவார் என்று அறிவித்தது. எஞ்சியவை ஐந்தரை ஆண்டுகளே என்றதால் அவர்களுக்கு ‘அஞ்சரை வேதக்காரர்’ என்னும் பெயர் அமைந்தது. குறித்த ஆண்டு கடந்தது, வருகை நிகழவில்லை.

இத்தகைய கணிப்புகள் பெரிதும் நாடுவது வெளிப்படுத்தின விசேஷத்தை. அந்நூலோ வடிவில் ஒரு திருமுகம். அதன் முன்னிலையினர் ரோம ஆட்சிக்குட்பட்ட சின்ன ஆசியாவின் ஏழு சபையார். மிருகத்தின் எண் 666. சில பழஞ்சுவடிகளில் 616. நீரோ சீசர் என்னும் பெயரை எபிரேய எழுத்துகளில் இருவகையாக எழுதிக் கூட்டினால் இரண்டும் கிடைக்கும். பேரரசனை வணங்க மறுத்தோர்க்கு அது ஊக்கவுரை. முன்னிலையை மறந்த வாசிப்பே அதை நாட்காட்டியாக்கியது. கணக்குப் பொய்த்தது, வித்வான் குட்டியின் பாடல்களோ கேரளச் சபைகளில் இன்றும் ஒலிக்கின்றன.