ஆறியும் ஆறாத வயிற்றுப் புண்

மைசூர் மண்டி மொகல்லாவில், ஊரார் மிஷன் ஆஸ்பத்திரி என்று வழங்கும் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1906-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. 1950களிலும் 1960களிலும் அங்குப் பணியாற்றிய ஆங்கிலேய அறுவை மருத்துவர் பிராங்க் டோவி என்பார், முன்சிறுகுடற் புண்ணால் வருந்தி வந்தோர் பலரைக் கண்டார். புண்ணின் வடு இறுகி இரைப்பையின் வாயிலையே அடைத்துவிட, உண்டதெல்லாம் வாந்தியாக வெளிப்படும் நிலையில் வந்தோரும் உண்டு. அரிசி உண்ணும் தெற்கில் இந்நோய் மிகுதி. கோதுமை உண்ணும் வடமேற்கில் குறைவு. தீட்டும்போது தவிட்டோடு நீங்கும் கொழுப்புச் சத்துகளே குடலைக் காத்திருக்கக் கூடும் என்று அவர் பின்னர் ஆராய்ந்து எழுதினார். நாமோ மிளகாயையும் காப்பியையும் வைதுகொண்டிருந்தோம்!

அந்நாளில் மருத்துவர் அளித்தவை பாலுணவும், அமிலத்தை முறிக்கும் பொடிகளுமே. 1976-இல் சிமெடிடின் என்னும் மருந்து வந்தது. அது அமிலச் சுரப்பையே அடக்கியமையால் சில வாரங்களில் புண் ஆறிற்று. ஆனால் மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்குப் புண் மீண்டது. அமிலம் அடங்கிற்றேயன்றி, நோயின் வேர் அகலவில்லை.

அவ்வேரைக் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஆவர். இரைப்பையில் வாழும் வளைந்த கிருமியை 1982-இல் அவர்கள் வளர்த்துக் காட்டினர். 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே பருகி இரைப்பை அழற்சிக்கு ஆளானார். நோபெல் பரிசு 2005-இல் வந்தது. எனினும், கிருமி வடக்கிலும் பரவலாக இருக்கையில், புண் மட்டும் தெற்கில் மிகுந்தது ஏன் என்று டோவி முதுமையிலும் வினவி வந்தார். தள்ளிவிடத் தக்க வினாவன்று அது.

நேயர்களே, கிருமியைக் கொல்லும் கூட்டு மருந்துகள் கிடைக்கும் இந்நாளிலும் சிகிச்சை தோற்பதுண்டு. வயிற்றுப்போக்குக்கெல்லாம் மெட்ரோனிடசோலை விழுங்கும் நம் நாட்டு வழக்கத்தால், அம்மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் இங்கு மலிந்துவிட்டன. நாலைந்து நாளில் வலி தணிந்ததும் மாத்திரைகளைக் கைவிடுவோர் பலர். கிருமி ஒழிந்த பின்னும் மூட்டுவலிக்கு உண்ணும் மாத்திரைகளும் ஆஸ்பிரினும் தாமே புண்ணை உண்டாக்க வல்லவை; புகையிலையோ புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். இரைப்பைப் புண் ஆறாதிருப்பின், அது புற்றுநோயாக இருக்குமோ என்று உள்நோக்கிக் கருவியால் பார்த்தறிவதும் தேவை.

வலி தணிந்தது கிருமி அழிந்தமைக்குச் சான்றாகாது. ஆதலால், சிகிச்சை முடிந்து நான்கு வாரங்களேனும் கழிந்தபின் மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்கின்றனர். அதற்கு இரு வாரம் முன்னரே, மருத்துவரைக் கலந்துகொண்டு, ஒமிப்ரசோல் போன்ற அமிலமடக்கிகளை நிறுத்தியிருத்தல் வேண்டும். இன்றேல், கிருமி உள்ளே பதுங்கியிருக்கையிலும் இல்லையென்றே சோதனை கூறிவிடும்.