ஊசி மாற்றும் வழக்கமும் ஹெபடைடிஸ் சி வைரசும்

போதை ஊசி வழியாக நோய் பரவும் என்பது எய்ட்ஸ் வருவதற்கு வெகு காலம் முன்பே தெரிந்திருந்தது. 1929இல் கெய்ரோவில் ஹெராயினை ரத்தக்குழாயில் ஏற்றிக்கொண்டவர்களிடையே கடுமையான மலேரியா காணப்பட்டது. 1930களில் நியூயார்க்கிலும் அப்படியே நடந்து, பலர் இறந்தனர். அங்கே நோயைப் பரப்பியது கொசு அல்ல. கை மாறிக் கை மாறிச் சென்ற சிரிஞ்சுதான். இதே வழியில் மஞ்சள் காமாலையும் பரவியது. ஆனால், அதன் முழு உருவம் தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1975இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவன ஆய்வாளர்கள், ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகு கல்லீரல் அழற்சி வந்த பலரிடம் ஹெபடைடிஸ் ஏ வைரசும் இல்லை, பி வைரசும் இல்லை என்று காட்டினார்கள். மிஞ்சிய நோய்க்கு அன்று பெயர்கூட இல்லை. ‘ஏ அல்லாத, பி அல்லாத’ ஹெபடைடிஸ் என்றே அழைத்தார்கள். 1989இல் கைரான் நிறுவனத்தில் மைக்கேல் ஹோட்டன் குழுவினர் அந்த வைரசின் மரபணுத் துண்டைப் பிரித்தெடுத்தபோதுதான் ஹெபடைடிஸ் சி என்ற பெயர் நிலைத்தது. ஊசி மாற்றும் வழக்கம் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. எதற்காகத் தொடங்கியது என்பதில்தான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது.

இடம் ஆம்ஸ்டர்டாம், ஆண்டு 1984. நகரின் மையப் பகுதியில் போதைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிரிஞ்சு விற்றுவந்த மருந்துக் கடை ஒன்று, விற்பனையை நிறுத்த முடிவு செய்தது. ஹெபடைடிஸ் பி பெருகிவிடுமே என்று அஞ்சியவர்கள் ஊசி போட்டுக்கொண்டவர்களே. அவர்களுடைய சங்கம் நகரச் சுகாதாரத் துறையிடம் கோரிக்கை வைத்தது. பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை இலவசமாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அப்படித்தான் பிறந்தது. தங்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் என்று ஊரார் ஒதுக்கிய மனிதர்கள் பொதுச் சுகாதாரத்துக்குத் தந்த கொடை அது. அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது.

அதே ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நேர் எதிர்த் திசையில் நடந்தது. போலீஸ் கெடுபிடியால் கடைகளில் ஊசி கிடைக்காமல் போனது. இருந்த ஒன்றிரண்டு சிரிஞ்சுகளைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். 1986இல் அந்நகர மருத்துவர் ராய் ராபர்ட்சன் குழுவினர், தங்களிடம் சிகிச்சை பெற்ற ஹெராயின் பழக்கத்தினரில் சோதிக்கப்பட்ட 164 பேரில் 51 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக எழுதினார்கள். கண்டிப்பு நோயைப் பெருக்கியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் அரசு சோதனை முறையில் ஊசி மாற்று மையங்களைத் திறந்தது.

சிட்னியில் மருத்துவர் அலெக்ஸ் வோடக்கும் அவருடைய சக ஊழியர்களும் சட்டம் மாறும்வரை காத்திருக்கவில்லை. 1986 நவம்பரில் டார்லிங்ஹர்ஸ்ட் பகுதியில், தெரிந்தே சட்டத்தை மீறி ஊசி கொடுக்கத் தொடங்கினார்கள். விரைவிலேயே அரசு அதை ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவிலோ 1988இல் டேவ் பர்ச்சேஸ் டகோமா நகரத் தெருவில் ஒரு மேசை போட்டு ஊசி கொடுத்த அதே ஆண்டில், இத்தகைய திட்டங்களுக்கு மத்திய அரசின் பணம் செல்லக் கூடாது என்று அந்நாட்டு நாடாளுமன்றம் தடை விதித்தது. இடையில் சிறிது காலம் விலகிய அந்தத் தடை, 2015இல் இண்டியானாவின் ஸ்காட் மாவட்டத்தில் எச்.ஐ.வி. வெடித்துப் பரவிய பிறகே தளர்ந்தது. அங்கே தொற்று வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் சி-யும் இருந்தது.

ஊசி மாற்றம் எச்.ஐ.வி.யை வென்றது. ஆஸ்திரேலியாவில் ஊசி போட்டுக்கொள்வோரிடையே அந்தத் தொற்று ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டவில்லை. ஆனால், 1989க்குப் பிறகு ஹெபடைடிஸ் சி-க்குச் சோதனை வந்தபோது, அதே மக்களில் பாதிப் பேருக்கும் மேல் அது ஏற்கெனவே தொற்றியிருந்தது. காரணங்கள் இரண்டு. முதலாவது, வைரஸ் முந்திக்கொண்டுவிட்டது. பெயர் வைக்கப்படும் முன்பே அது ஒரு தலைமுறையின் ரத்தத்தில் குடியேறியிருந்தது. இரண்டாவது, அது எச்.ஐ.வி.யைவிட எளிதில் தொற்றும். சோதனைக்கூடத்தில் சிரிஞ்சுக்குள் எஞ்சிய ரத்தத்தில் அது 63 நாள்வரை உயிர்ப்புடன் இருந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசியைத் தனியே கழற்றக்கூடிய சிரிஞ்சில் ரத்தம் அதிகம் தங்குவதால் ஆபத்தும் அதிகம்.

ஊசி மட்டுமல்ல. பொடியைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டும் பஞ்சு, கலக்கும் தண்ணீர் ஆகியவையும் வழிகள். சொந்த ஊசியை மட்டுமே பயன்படுத்தியவர்களிடையேகூட, கரண்டியையும் பஞ்சையும் பகிர்ந்ததால் தொற்று பரவியதை 2001இல் சியாட்டில் ஆய்வு ஒன்று வெளிப்படுத்தியது. அதன் பின் பல மையங்கள் இவற்றையும் சேர்த்தே கொடுக்கத் தொடங்கின. ஆம்ஸ்டர்டாமில் போதுமான ஊசியும், ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் மெத்தடோன் சிகிச்சையும் ஒருங்கே பெற்றவர்களிடம் புதுத் தொற்று வெகுவாகக் குறைந்தது. இரண்டில் ஒன்று மட்டும் அந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

ஹெபடைடிஸ் சி சிகிச்சையின் கதை இன்னும் வேதனையானது. போதைப் பழக்கத்தை ஆறு மாதமாவது விட்டவர்களுக்கே சிகிச்சை என்று 1997இல் அமெரிக்க நிபுணர் குழு பரிந்துரைத்தது. 2002இல் அதைக் கைவிட்டது. நோயைப் பரப்பும் வாய்ப்பு மிகுந்தவர்களுக்கே மருந்தை மறுத்தது, மருத்துவ அறத்தின்படியும் தவறு, கணக்கின்படியும் தவறு. 2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தபோது அமெரிக்காவில் ஒரு மாத்திரையின் விலை 1,000 டாலர். விலையைக் காரணம் காட்டிப் பழைய விலக்குகள் பல இடங்களில் திரும்பின. 2016 மார்ச்சில் ஆஸ்திரேலியா இந்த மாத்திரைகளை அரசு மானியத்துடன் எல்லாருக்கும் திறந்துவிட்டது. இன்றும் ஊசி போட்டுக்கொள்கிறாயா என்ற கேள்வி அங்கே தடையாக நிற்கவில்லை. மலிவான மாற்று மாத்திரைகள் தயாராகும் இந்தியாவில், 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இலவசச் சிகிச்சை அளிக்கிறது.

மாத்திரை 95 விழுக்காட்டினருக்கும் மேல் நோயைக் குணமாக்குகிறது. ஆனால், குணமானவருக்கு எதிர்ப்புச் சக்தி நிலைப்பதில்லை. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. அழுக்கு ஊசியால் அதே நோய் மீண்டும் வரலாம். அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம், 2030க்குள் ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 300 புதிய ஊசிகள் கிடைக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. பெரும்பாலான நாடுகள் அதற்கு வெகு தொலைவில் இருக்கின்றன.