கொழுப்புத் தடவிய தோட்டா



நம் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் என்றால் வெள்ளீயம்தான். புந்தோங்கை உள்ளிட்ட ஈப்போ வட்டாரத்தில் மண்ணைக் கழுவி எடுத்ததும் அதையே. துப்பாக்கிக் குண்டு வார்ப்பது காரீயத்தில். குண்டு சற்று இறுகட்டுமென்று, 1871-இல் வந்த மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிக்கு 12 பங்கு காரீயத்துடன் 1 பங்கு வெள்ளீயம் சேர்த்தார்கள். அதற்கு முந்திய என்ஃபீல்டு குண்டு மிருதுவான காரீயம். அதன்மேல் தடவிய பசையைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

என்ஃபீல்டு 1853-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கி. அதன் குழாய் 0.577 அங்குலம், உட்புறம் புரியிட்டது. குண்டு 0.568 அங்குலம். காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, காகிதம் சுற்றிய குண்டைக் கம்பியால் இடித்து இறக்கவேண்டும். நாலைந்து முறை சுட்டால் மருந்துக்கரி உள்ளே அப்பிக்கொள்ளும். பசை இருந்தால்தான் குண்டு வழுக்கி இறங்கும். கீல் காய்ந்த கதவை நாம் அறிவோமல்லவா? அந்தச் சங்கதிதான்.

பசை, கொழுப்பும் தேன்மெழுகும் கலந்தது. இந்திய வெயிலில் அது தாங்குமா என்று பார்க்க, 1853-இல் தோட்டாக்களை அனுப்பினார்கள். கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் சிப்பாய்கள் அவற்றைப் பையில் சுமந்து திரிந்தார்கள். பசை உருகுகிறதா என்று சோதித்தார்கள். சுமந்தவனை யாரும் கேட்கவில்லை. கர்னல் டக்கர் என்னும் அதிகாரி மட்டும், இது சாதி சமய உணர்வைப் புண்படுத்தாது என்று உறுதியாகும்வரை இந்தியப் படைக்குக் கொடுக்கலாகாது என்று அந்த ஆண்டே எழுதினார். அந்த எச்சரிக்கை பலிக்கவில்லை. வேலூரில் தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையால் 1806 ஜூலை 10-இல் என்ன நடந்தது என்பதும் மறந்துபோயிற்று.

1857 ஜனவரியில் டம்டம் படைக்கொட்டிலில் ஒரு தொழிலாளி, சிப்பாயிடம் செம்பில் தண்ணீர் கேட்டான். சிப்பாய் சாதி சொல்லி மறுத்தான். "மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப்போகிற உனக்குச் சாதியா?" என்ற பொருளில் அவன் திருப்பிக் கேட்டான். அது பரவியது. எந்த மிருகத்தின் கொழுப்பு என்று விசாரித்து வைத்தவர் எவருமில்லாததால், அரசாங்கத்தாலும் அடித்து மறுக்க இயலவில்லை. சிப்பாய்களே கடையில் மெழுகும் எண்ணெயும் வாங்கித் தடவிக்கொள்ளலாம் என்றார்கள். பிறகு, கடிக்கவேண்டாம், கையால் கிழிக்கலாம் என்றார்கள். அதற்குள் சந்தேகம் பளபளக்கும் காகிதத்தின்மீதே பாய்ந்துவிட்டது. மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி எடுத்தார். ஏப்ரல் 24-இல் மீரட்டில் 85 குதிரைவீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். விந்தை என்னவெனில், அன்று நீட்டப்பட்டவை புதியவையல்ல, பழைய தோட்டாக்களே! மே 9-இல் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எழுந்தது.

பொறியாளர்கள் தங்கள் கோளாறைப் பிறகு சரிசெய்தார்கள். வெயிலில் கொழுப்பு உருகிக் காகிதத்தில் ஊறிப்போவதும், அதன் அமிலம் காரீயத்தை அரிப்பதும் தெரிந்தது. குண்டு பாதியில் சிக்கியதன் காரணம் விளங்கிற்று. குண்டை 0.55 அங்குலமாகச் சிறுக்கினார்கள். கொழுப்பைக் குறைத்துத் தேன்மெழுகைக் கூட்டினார்கள்.