கோச்சா: ஒரு சொல்லும் ஊவாவின் கொழுந்தும்

ஒரு பொருளுக்கு மக்கள் இடும் பெயர், அவர்கள் அப்பொருளை எங்கு நின்று நோக்கினர் என்பதைக் காட்டும். பதுளையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் உருவாகும் தேயிலைக்கு யப்பானிய மொழியில் வழங்கும் பெயர் இதற்குத் தக்க சான்றாகும்.

அப்பெயர் 'கோச்சா' என்பதாகும். அது இரண்டு சீன எழுத்துக்களால் எழுதப்படும். முன்னெழுத்தின் ஒலிப்பு 'கோ', பொருள் செந்நிறம். பின்னெழுத்தின் ஒலிப்பு 'ச்சா'; பொருள் தேயிலை. எனவே கோச்சா என்பது செந்தேயிலை. தேநீர்க் கலையைக் குறிக்கும் 'ஸாதோ' என்னும் சொல்லிலோ அப்பின்னெழுத்தே 'ஸா' என ஒலிக்கும். எழுத்தை மட்டும் கண்டு ஒலிப்பைத் துணிதல் இயலாது. அது இடம்பெறும் சொல்லையும் அறிதல் வேண்டும். அவ்வெழுத்தையே சீனத்தின் புக்கியன் கரையோர மக்கள் 'தே' என்றனர். ஒல்லாந்த வணிகர் அவ்வொலியை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். தமிழின் 'தேயிலை'யில் முன்னிற்கும் 'தே' அவ்வழி வந்ததே.

ஆங்கிலேயர் உலர்ந்த இலையின் நிறம் நோக்கி இதனைக் கருந்தேயிலை என்றனர். யப்பானியர் வடித்த நீரின் நிறம் நோக்கினர். பாலில்லாத் தேநீரைச் 'சாயத்தண்ணி' என்னும் மலையகத் தமிழரும் நீரின் நிறத்தையே நோக்கினர் எனலாம்.

1869இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிய, மலைச்சரிவுகளில் தேயிலை பரவிற்று. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் அதனை வளர்த்தனர். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. யூலை முதல் செப்ரெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில் ஊவாக் கொழுந்து தனி மணம் பெறும். அம்மணத்தாலேயே யப்பானியர் டார்ஜிலிங், கீமுன் ஆகியவற்றோடு ஊவாவையும் சேர்த்து உலகின் முப்பெருங் கோச்சா என்பர். வகரத்தைப் பகரமாக்கி, 'உபா' என்றே அவர்கள் அதனை ஒலிப்பர்.

இவ்வாறு ஊவாவின் பெயர் கடல்கடந்து மதிப்புப் பெற்றது. ஆனால் அப்பெயரை ஈட்டித் தந்தோருள் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. எஞ்சியோரின் உரிமைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

கருமையும் செம்மையும் இலைக்கும் நீருக்கும் உரிய பெயர்கள். பறித்தவரைப் பற்றி அவை பேசுவதில்லை. கோச்சாவின் பொருளைக் கற்போர் 'கொழுந்து' என்னும் தமிழ்ச்சொல்லையும் உடன்கற்றல் வேண்டும். இலை செடியிலிருந்து கூடைக்குச் செல்லும் பொழுதின் பெயர் அதுவே. பறிக்கும் கை தோன்றுவதும் அச்சொல்லிலேதான்.