பசிலியாரின் தர்மசாலை

துருக்கியில் இன்று கைசேரி என வழங்கும் செசரியா நகரின் புறத்தே, கி.பி. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார் (சு. 330–379) நிறுவிய ஸ்தாபனம். 369-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கப்படோக்கியாவைப் பெரும் பஞ்சம் பீடித்தபோது, கடலுக்கு வெகுதூரத்தில் உள்நாட்டில் அமைந்த அந்நகருக்குத் தானியம் வந்துசேர வழியின்றி, இருந்ததையும் வணிகர் பதுக்கி விலையேற்றவே, அந்நாளில் குருவாக மட்டுமே இருந்த பசிலியார் தனவந்தரைப் பிரசங்கத்தால் இடித்துரைத்துக் களஞ்சியங்களைத் திறப்பித்தார். உபதேசத்தோடு நின்றாரில்லை, கஞ்சிக் கொப்பரைகளை வைத்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பசித்தோருக்குப் பணிவிடை புரிந்ததை அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் தமது புகழுரையில் விவரித்துள்ளார்.

370-இல் பசிலியார் மேற்றிராணியாரான பின் விரிவுற்ற இச்சாலையில் வழிப்போக்கர்க்கு விடுதியும், பிணியாளர்க்கு வைத்தியரும் செவிலியரும், பொதிசுமக்கும் மிருகங்களும், தொழிற்கூடங்களும் இருந்தன. கட்டட வேலைகளைக் குறித்து மாகாண அதிபதியிடம் சிலர் கோள் சொன்னபோது பசிலியார் எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. அதில் மனுச்செய்வோனின் பணிவைக் காட்டிலும் நியாயம் கேட்போனின் மிடுக்கே மேலோங்கக் காண்கிறோம். எனினும், உயர்குலத்துச் செல்வர் மரபில் பிறந்த அவர், உற்றாரும் விலக்கிய குஷ்டரோகிகளை முத்தமிட்டு வரவேற்றதையே கிரகோரியார் வியந்து போற்றுகிறார்.