தொழிலாளர் நீதிமன்றத்தில் பணிநீக்க வழக்கு

வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி, மீண்டும் வேலையும் இடைப்பட்ட காலச் சம்பளமும் கேட்டுத் தொடுப்பது பணிநீக்க வழக்கு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1965இல் சேர்ந்த 2-அ பிரிவுதான் தனியொருவரின் நீக்கத்தையும் தொழில் தகராறாக ஏற்றது. அதன் பிறகும் அரசு அனுப்பி வைத்த வழக்கையே நீதிமன்றம் விசாரிக்க முடிந்தது. தொழிலாளி நேரடியாகச் செல்லும் வழியைத் தமிழ்நாடு தன் திருத்தத்தால் 1988இல் திறந்தது. நாடு முழுவதற்கும் அது கிடைக்க 2010 ஆயிற்று.

2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்தது. இது தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் பதிலாக இரண்டு உறுப்பினர் கொண்ட தீர்ப்பாயத்தை வகுக்கிறது. மூன்றாண்டாக இருந்த காலக்கெடுவையும் இரண்டாண்டாகக் குறைத்துவிட்டது. பழைய கெடுவை நம்பிக் காத்திருப்பது இப்போது ஆபத்து.

எல்லா ஊழியரும் இந்த வழியில் வர இயலாது. ஆசிரியர் 1947ஆம் ஆண்டின் சட்டப்படி தொழிலாளி ஆகார் என 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடை ஊழியருக்குத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவில் தனி மேல்முறையீடு உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்திருந்தால் போதும்.

திருவண்ணாமலை மாவட்டம் கீழ்பென்னாத்தூரில் அரிசி ஆலை வேலையை இழந்தவர் எடுத்த எடுப்பில் நீதிமன்றம் செல்ல முடியாது. முதலில் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். சமரசம் முறிந்தால்தான் வழக்கு. திருவண்ணாமலைப் பகுதி 1989இல் தனி மாவட்டமான பின்னும் அங்குள்ளவர்களின் வழக்குகள் வேலூர்த் தொழிலாளர் நீதிமன்றத்துக்கே சென்றுவந்தன. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்துச் செலவோடு ஒரு நாள் கூலியும் போகும் என்பதால், சமரச மேசையில் கிடைக்கும் நியாயமான தொகையை எளிதில் தள்ளிவிடக் கூடாது.

பெரும்பாலான வழக்குகளின் முடிவு, நீதிமன்றப் படியேறும் முன்பே காகிதத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆட்குறைப்பில் இழப்பீடு கேட்க, பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியது; வாய்ச்சொல்லும் பிரமாண வாக்குமூலமும் மட்டும் போதா. சம்பளச் சீட்டு, வங்கியில் சம்பளம் ஏறிய பதிவு, பி.எஃப். கணக்கு, ஈ.எஸ்.ஐ. அட்டை ஆகியவை இங்கே கைகொடுக்கும். கையில் சம்பளம் வாங்கியவருக்கு இவை எதுவும் இராது. அவர் முதலாளியின் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் வரவழைக்க மனுப் போட வேண்டும். பதிவேடு வராவிட்டால் அது முதலாளிக்கு எதிராகக் கொள்ளப்படலாம்.

வேலையை விட்டு நிறுத்தியதும், மீண்டும் வேலை கேட்டு எழுத்தில் கடிதம் அனுப்பி, நகலையும் அஞ்சல் ரசீதையும் வைத்துக்கொள்வது அவசியம். “அவராகவே நின்றுவிட்டார்” என்பதுதான் முதலாளிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். வெள்ளைத்தாளிலோ, கணக்கு முடிந்தது என்னும் சீட்டிலோ வாசிக்காமல் கையெழுத்திட்டவரின் வழக்கு பாதி தோற்றுவிடும். உள்விசாரணைக்கு அழைத்தால் போக வேண்டும்; போகாதவர் இல்லாமலே விசாரணை முடிந்துவிடும்.

தொழிற்சங்க நிர்வாகி தொழிலாளிக்காக வாதாடலாம். வழக்குரைஞர் ஆஜராக எதிர்த்தரப்பின் சம்மதமும் மன்றத்தின் அனுமதியும் வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச உதவி உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம்.

இடைப்பட்ட காலச் சம்பளம் கேட்பவர், நீக்கத்துக்குப்பின் வேறு வேலையில் இல்லை என்பதை மனுவிலேயே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அதை மறுத்து நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு என 2013இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தினக்கூலி ஆட்களுக்கு மீண்டும் வேலைக்குப் பதில் ஒரு தொகையே பல நேரம் தீர்ப்பாகிறது. வேலை தரும் தீர்ப்பை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றம் போனால், அந்த வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தைத் தொழிலாளி கேட்கலாம். வேறு வேலை இல்லை என்ற பிரமாணப் பத்திரம் அதற்கும் வேண்டும்.