மின்கம்பியாளர்

மின்கம்பியாளர் (பேச்சு வழக்கில் எலக்ட்ரீசியன்) என்பவர் கட்டடங்களில் மின்கம்பி பதித்தல், மின்கருவிகளை இணைத்தல், பழுது நீக்குதல் ஆகிய பணிகளைச் செய்பவர் ஆவார்.

உரிமம்

இந்தியாவில் மின்குமிழ், மின்விசிறி, உருகி, சுவிட்சு போன்றவற்றை மாற்றும் சிறு வேலைகள் தவிர்ந்த மின்னமைப்புப் பணிகளை, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே, தகுதிச் சான்றிதழ் உடையவரின் நேரடி மேற்பார்வையில் செய்ய வேண்டும். 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் இடம்பெற்ற இக்கட்டுப்பாடு, பின்னர் வந்த 2010, 2023 ஆம் ஆண்டு விதிமுறைகளிலும் தொடர்கிறது. தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் இச்சான்றிதழ்களை வழங்குகிறது. எனவே, வீட்டு உரிமையாளர் பணியை ஒப்படைக்கும் முன் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்.

பாதுகாப்பு

இந்திய வீடுகளுக்கு 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் வழங்கப்படுகிறது. சிறு சுற்றுமுறிப்பி (எம்.சி.பி.) மிகைச்சுமை, குறுஞ்சுற்று ஆகியவற்றிலிருந்து மின்கம்பியைக் காக்கிறது. ஆனால் மனிதரைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் ஓர் ஆம்பியரிலும் மிகக் குறைவு என்பதால், 10 ஆம்பியர் சுற்றுமுறிப்பி அப்போது துண்டிக்காது. அதற்கெனப் பயன்படுவது மின்கசிவுச் சுற்றுமுறிப்பி (ஆர்.சி.சி.பி.) ஆகும். செல்லும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் இடையிலான வேறுபாட்டை உணர்ந்து இது இணைப்பைத் துண்டிக்கிறது. வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது பொருத்தப்படுகிறது.

பணி நிறைவில் புவித்தொடுப்பு, மின்காப்புத் தடை ஆகியவற்றை அளந்து, மின்கசிவுச் சுற்றுமுறிப்பியின் சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பது மின்கம்பியாளரின் கடமையாகும். விளக்கு எரிவது மட்டுமே இணைப்பு பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.